பதினோரு சீல்

நகல் கேட்டு மனு கொடுத்தால் முப்பது நாளில் தர வேண்டும் என்பது விதி. முப்பது வருட அரசாங்க உத்தியோகத்தில் அது நடந்து நான் பார்த்ததில்லை.

சைதாப்பேட்டை பஸ்ஸில் முன் இருக்கைப் பெண் பக்கத்தில் இருந்தவளிடம், “எங்கிட்ட பதினோரு சீல் கீது” என்றாள்.

“இன்னாக்கா சீலு?”

“மாத்து வூடு குடுக்க ஆத்தோரக் குடிசைங்கள கணக்கெடுத்தாங்கல்ல? அதுல எம்பேரு இருக்கிற பக்கத்தைக் காப்பி கேட்டு மாசாமாசம் மனு குடுத்தேன். குடுக்கச் சொல்லோ எங்கிட்ட வெச்சிக்கிற இன்னொரு மனுவுலயும் ஆபீஸ் சீல் குத்தி வாங்கிக்குவேன்.”

“லிஸ்ட்டே காணோம்னாங்களே?”

“பதினொண்ணையும் வரிசையா டேபிள் மேல வெச்சேன். தானா கெடைச்சிச்சு. வூடு குடுக்கச் சொல்லோ இனி என்னை யாருன்னு எவன் கேப்பான்?”

“காப்பியை எப்போ குடுத்தாங்க?”

நகல் தாளை விரித்து, அதிலிருந்த தேதியை பஸ் முழுக்கக் கேட்கும்படி எழுத்துக்கூட்டிப் படித்தாள்: “பன்னெண்டு, மூணு, தொண்ணூத்தொம்போது.”