வில்மூராவின் கறுப்புப் பந்து

— கப்பல் மூழ்கும்போது எவனும் மிதவையைத் தேடுவான். சமையல்காரன் நீ சூப் பானையைத் தூக்கிட்டு வந்திருக்க. உன்னை என்னன்னு சொல்றது, கிளாரி?

— பேசாம தண்ணியை இறை, வெர்ன். அந்தப் பானை இல்லேன்னா இந்தத் தோணி இந்நேரம் கடலுக்கு அடியில கிடக்கும்.

— இறைச்சுக்கிட்டுதானே இருக்கேன்! ரெண்டு பானை வெளிய ஊத்தினா ஒன்றரைப் பானை உள்ள வருது. அடிப்பலகை பிளந்துருச்சுய்யா.

— எனக்குத் தோள் நல்லா இருந்தா உன்கிட்ட கெஞ்சுவேனா? கழண்டு தொங்குது.

— தோள்தான் போச்சு. வாய் நல்லாத்தான் இருக்கு.

— நம்ம வில்மூரா மூழ்கின இடத்துல எண்ணெய் மட்டும் மிதக்குது பாரு. ஈடன் துறைமுகத்துல எத்தனை வருஷம் மீன் பிடிச்சா! நேவிக்காரன் வந்து சாம்பல் பெயின்ட் அடிச்சான். போன சண்டையில மிச்சமான பீரங்கி ஒண்ணை மூக்குல வெச்சான். இன்னிலேர்ந்து நீ கண்ணிவெடி வாரற கப்பல்னுட்டான்.

— வலையைக் கழட்டிட்டு இரும்புக் கம்பியை மாட்டினதே நான்தான். பாஸ் நீரிணை முழுக்க இழுத்துக்கிட்டு அலைஞ்சாளே. எத்தனை கண்ணியை அறுத்துவிட்டா! கடைசியில ஒண்ணு அவளை அறுத்துருச்சு.

— கையை நிறுத்தாதே.

— கேப்டன், மத்தவங்க, எல்லாரும் வெடிச்ச முன்பக்கத்துலதான் நின்னாங்க. ஒருத்தரும் மிஞ்சல. எனக்கு நெஞ்சு வலிக்குது கிளாரி.

— எனக்கும்தான். அப்புறம் சேர்ந்து அழலாம். இப்ப இறை.

— யோவ்! புகை! அதோ, கப்பல்!

— எங்க? ஆமா. லான்செஸ்டன்லேர்ந்து வர்ற பயணிக் கப்பல். எப்பவும் வெளிப்பக்கமாத்தான் போகும்.

— நம்மளைப் பார்த்துட்டான்! மூக்கைத் திருப்பறான் பாரு! பொழைச்சோம்யா, நேரா நம்மகிட்ட வரான்!

— நேராவா? அவனுக்கும் நமக்கும் நடுவுல என்ன இருக்குன்னு யோசிச்சியா?

— தண்ணி.

— தண்ணிக்கு அடியில? ஜெர்மன்காரன் ஒண்ணோட நிறுத்துவானா? வரிசையாப் போட்டிருக்கான். அந்த வரிசையைத்தான் வாரிக்கிட்டிருந்தோம். அந்தப் பக்கம் இன்னும் தொடக்கூட இல்ல.

— இடிச்சே ஆகணும்னு என்ன இருக்கு? நடுவுல நழுவி வந்துடலாம்.

— நாம நழுவின லட்சணம் தெரியலையா?

— எனக்கு வீட்ல ரெண்டு புள்ளைங்க இருக்குய்யா.

— அந்தக் கப்பல்ல எத்தனை இருக்கும்?

— உனக்கென்ன, ஒண்டிக்கட்டை! உனக்கு ஒரு கடுதாசி வந்து நான் பார்த்ததில்ல. செத்தா அழ ஆளில்லாதவனுக்குத் தியாகம் சுலபமா வரும்.

— திட்டு. திட்டிக்கிட்டே அந்தப் பானையைத் துடுப்பு முனையில கவுத்து மாட்டு.

— எதுக்கு?

— கண்ணி வாரும்போது கொடிமரத்துல என்ன ஏத்துவோம்?

— கறுப்புப் பந்து. இந்தப் பக்கம் வராதேன்னு.

— என் பானையில ஒரு வருஷத்துக் கரி இருக்கு. தேய்டா தேய்டான்னு கேப்டன் தினமும் கத்துவார். தூரத்துலேர்ந்து பார்த்தா அது பந்துதான். இந்தக் கடல்ல ஓட்டற எவனுக்கும் புரியும்.

— அப்போ தண்ணியை எதால இறைக்கறது?

— என் பூட்ஸால. ஒரு கை நல்லாத்தானே இருக்கு.

— பூட்ஸால கடலை இறைக்கப் போறியா! அவன் திரும்பிப் போயிட்டா நம்ம கதி?

— அவன்கிட்ட வயர்லெஸ் இருக்கு. நேவிக்குச் சொல்லுவான். நாம வாரி முடிச்ச பக்கமா சுத்திக்கிட்டு ஒரு படகு வரும்.

— அதுக்குள்ள இது மூழ்கிட்டா?

— மூழ்கினாலும் மூழ்கும். உன்கிட்ட ஒளிக்கல. என்னால துடுப்பைத் தூக்க முடிஞ்சா உன்னைக் கேட்டிருக்கவே மாட்டேன். கை உன்னுது, புள்ளைங்க உன்னுது. நீதான் முடிவு பண்ணணும்.

— கிட்ட வந்துட்டான்யா. மேல்தளத்துல ஆளுங்க நிக்கறது தெரியுது. கையாட்டறாங்க. சனியன் புடிச்சவங்க, கையாட்டறாங்க!

— வெர்ன்.

— காலை நீட்டு. எழவெடுத்த பூட்ஸ், கழட்ட வருதா பாரு! இந்தா, இறை. நான் தூக்கறேன்.

— இன்னும் மேல. ஆட்டாதே. ஆட்டினா வான்னு கூப்பிடறதா நினைச்சுப்பான்.

— துடுப்பு கனக்குது. தண்ணி முட்டிக்கு வந்துருச்சு.

— விடாதே. பிடி.

— பிடிச்சுக்கிட்டுதான் இருக்கேன்! வேகம் குறையுது. நின்னுட்டான். கிளாரி, பின்பக்கமா நகர்றான்!

— சங்கு ஊதறான், கேட்டியா? புரிஞ்சுக்கிட்டான். பானையை இறக்கு. இப்ப இறை, வெறி புடிச்ச மாதிரி இறை.

— இறைக்கறேன். இருட்டற வரைக்கும் இறைப்பேன், விடியற வரைக்கும் இறைப்பேன். என் புள்ளைங்க முகத்தைப் பார்க்காம நான் சாகப் போறதில்ல, கேட்டுக்கோ.

— அது பேச்சு.

— நீ ஏன்யா சும்மா இருக்க? கண்ணு அந்தக் கப்பல் மேலயே இருக்கு.

— முழுசாத் திரும்பட்டும்னு பார்க்கறேன்.

— அட, அழறியா? முன்பின் தெரியாத சனத்துக்காகவா இப்படிக் கண்ணு கலங்குது?

— எனக்காக நீ தூக்கினதா ஆயிடக்கூடாதுன்னுதான் சொல்லல, வெர்ன். அந்தக் கப்பல்ல பயணிகளுக்கு டீ ஊத்தறவ மேவிஸ், என்கூடப் பேசாத என் மக.