பூரிக்கட்டை இல்லாத வீடு

“எங்க வூட்ல பூரிக்கட்டையே கெடையாதுக்கா.”

சங்கராபுரத்தில் பஸ் ஏறி எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்த இரண்டு பெண்களில் இளையவள்தான் சொன்னாள். அவளுடைய இடது கையில் மாவுக்கட்டு.

மூத்தவள் சிரித்தாள். “உன் வூட்டுக்காரரு ரிசப்ஷன்ல காமெடி பண்ண மைக்கைப் புடிச்சாலே, பொண்டாட்டிகிட்ட பூரிக்கட்டையில அடி வாங்குற கதைதானே? எங்க தம்பி கல்யாணத்துல சோத்தை மறந்துட்டு சிரிச்சோம்.”

“நல்லா சிரிச்சீங்க. இந்தக் கைய இன்னா, நானேவா ஒடச்சிக்கினேன்?”

கரும்பு லாரி ஒன்றின் பின்னால் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. மூத்தவள் குரலைத் தாழ்த்தினாள்.

“ஸ்டேஷனுக்குப் போவலியா?”

“போனேன். வூட்டுக்காரர் பேரைக் கேட்டாங்க, சொன்னேன். ‘அட, அந்தப் பூரிக்கட்டை அம்மாவா நீ! யாரு யாரை அடிச்சது, ஒழுங்கா சொல்லு’ன்னாங்க. அங்க இருந்தவங்க எல்லாம் சிரிச்சிக்கினே இருந்தாங்க. எழுந்து வந்துட்டேன்.”

“அந்த மனுசனுக்குத் தெரியுமா?”

“தெரியாம? நேத்து தியாகதுருகத்துல ஒரு கல்யாணத்துல அதையும் சொன்னாராம். எம்பொண்டாட்டி எம்மேல புகார் குடுக்கப் போனா, போலீசே சிரிச்சி அனுப்பிட்டாங்கன்னு. அதுக்குத்தான் கைதட்டல் ஜாஸ்தியாம்.”