மூணாவது பாட்டு

இல்ல தம்பி, இப்ப உள்ள வேணாம். அண்ணன் இப்பதான் கண்ணசந்தாரு. இப்படிப் படியிலயே உக்காருங்க, கூட்டித்தான் வெச்சிருக்கேன். லிப்ட் ரிப்பேருன்னு கீழ யாரும் சொல்லலையா? அதான் இப்படி மூச்சு வாங்குது. அதைக் கீழ வைங்க, எவ்வளவு நேரம் கையிலயே பிடிச்சிட்டிருப்பீங்க. விருதா? நல்லாருக்கு. அண்ணன் பேரும் போட்டிருக்கா? ஓ, உங்க பேருக்குக் கீழயா. இருக்கட்டும், இருக்கட்டும். பாட்டு உங்களோடதுதானே.

மெதுவாப் பேசுங்க தம்பி. தப்பா எடுத்துக்காதீங்க. நான் எவ்வளவு சத்தமாப் பேசினாலும் அவரு எழுந்திரிக்க மாட்டாரு. உங்க குரலு கேட்டா எழுந்துருவாரு. ஏன்னு சொல்றேன்.

அண்ணன் குத்துச்சண்டை போட்ட கதையைப் படம் எடுக்கறோம்னு வந்தாங்களே, அப்பவே அண்ணன் இப்படித்தான் இருந்தாரு. கடைசிப் போட்டியில தலையில வாங்கினாருல்ல, அதோட ஒரு கை விழுந்துருச்சு, பேச்சும் போயிருச்சு. படத்துல அதுக்கு முன்னாடியே, கோப்பையைத் தூக்கிப் பிடிக்கிற இடத்துல முடிச்சிட்டாங்க. முடிக்கட்டும். அதுக்கப்புறம் நடந்ததை யாரு டிக்கெட் வாங்கிப் பாக்கப் போறா, நாங்கதான் வீட்டுல ஓசியில பாக்கறோமே. ஆளுங்க முகமும் அவருக்கு மனசுல நிக்காது. மீசை, கண்ணாடி, சட்டைன்னு ஏதாவது ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இன்னாருன்னு கண்டுபிடிப்பாரு. நான் தலையை விரிச்சுப் போட்டுட்டுப் போனா, யாரும்மா நீங்கங்கற மாதிரி பாப்பாரு.

பின்னணி இசை போட்டவரு வீட்டுக்கு வந்திருந்தாரு, தெரியுமா? நல்ல மனுஷன். மைக்கை வெச்சுக்கிட்டு ஒரு நாள் பூரா உக்காந்திருந்தாரு. அண்ணன் குத்திப் பழகின மூட்டையை ஜிம்முப் பசங்களைக் குத்தச் சொல்லி அந்தச் சத்தம், கயிறு தாண்டுற சத்தம்னு பிடிச்சுக்கிட்டாரு. அப்பாவோட தையல் மெஷினையும் ஓட்டச் சொன்னாரு. எங்கப்பா டைலர். ஏம்ப்பா, சண்டைப் படத்துக்கு என் மெஷினு எதுக்குன்னு கேட்டாரு. ஓட்டுங்கய்யா, சொல்றேன்னாரு. அப்புறம் தியேட்டர்ல பாக்கறோம், அண்ணன் தனியா விடியக்காலையில ஓடுறாரு, வயலின் எல்லாம் சேர்ந்து மேல ஏறுது, அடியில டகடகன்னு ஒரு தாளம். அப்பா இருட்டுல என் கையைப் பிடிச்சாரு. என் மெஷினும்மான்னாரு. இன்டர்வெல்ல வெளியே வரவே இல்ல, முகத்தைத் துண்டால துடைச்சுக்கிட்டே உக்காந்திருந்தாரு.

கேக்குதா, கதவிடுக்குல? அந்த இசைதான். அதைப் போட்டாத்தான் தூங்குவாரு.

உங்க ஆல்பம் அப்புறம்தானே வந்துச்சு. படத்துல பாட்டே இல்லன்னு கம்பெனில தனியா ஒண்ணு போட்டாங்க. படத்தைப் பாத்துட்டு உங்களமாதிரி புள்ளைங்க எழுதிப் பாடினது. எல்லாப் பாட்டும் நான் அப்படி, நான் இப்படின்னு அண்ணனே பேசற மாதிரி இருக்கும். எனக்கு ராப்பெல்லாம் புரியாது தம்பி, யாரோ ஓடிக்கிட்டே திட்டுற மாதிரி இருக்கும். ஆனா பேச்சுப் பயிற்சி குடுக்க ஒரு பொண்ணு வருது, அதுதான் ஆல்பத்தைப் போட்டுக் காட்டிச்சு. பேச வராதவங்களுக்குப் பாட்டு வருமாம், தாளத்தைப் பிடிச்சுக்கிட்டு வார்த்தை வெளிய வந்துருமாம். எனக்கு நம்பிக்கை இல்ல. நாலு நாள் வெறுமனே கேட்டுட்டிருந்தாரு. அப்புறம் ஒரு நாள் நான் துணி காயப்போட்டுட்டு வரேன், உள்ள ஆம்பளைக் குரலு. விழுந்தா எண்ணாத, எழுந்தா எண்ணுன்னு. உங்க வரிதானே அது? வாளியைக் கீழ போட்டுட்டேன் தம்பி. மூணு வருஷம் அம்மா, தண்ணின்னு ஒரு வார்த்தைக்குத் தவிச்சோம். முழுசா ஒரு வரி சொன்னாரு. அப்பா கடையைப் பூட்டாம ஓடி வந்தாரு.

அதனாலதான் சொல்றேன், உங்களை நான் குறை சொல்லல. எங்கண்ணனுக்கு வாயைக் குடுத்ததே நீங்கதான்.

ஆனா அந்த மூணாவது பாட்டு.

தெரியும் தம்பி. உங்க பேட்டியைப் பாத்தேன். அது உங்கப்பாவை நினைச்சு எழுதினதுன்னு நீங்களே சொன்னீங்க. முதுகைத் திருப்பிக் காட்டினீங்களே, அப்ப நானும் அழுதேன். சின்னப் பையனைப் போட்டு இப்படி அடிப்பாங்களா. அதனால அந்தப் பாட்டுல பொய் இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன். எங்கப்பன் கையில பெல்ட்டு, என் முதுகு பூராக் கோடு, அந்தக் கோட்டை எண்ணித்தான் நான் கணக்குப் படிச்சேன்னு வருமே. எனக்கே மனப்பாடம் ஆயிருச்சு, பாருங்க. சமைக்கும்போது வாயில வருது.

எங்கப்பா அடிச்சதில்ல தம்பி. ஒரு தட்டு தட்டினதில்ல. அம்மா இருந்தவரைக்கும் அவங்கதான் கரண்டியைத் தூக்கிட்டு வருவாங்க, அப்பா நடுவுல நிப்பாரு, அவருக்கு ரெண்டு விழும்.

அண்ணன் அந்தப் பாட்டைத்தான் ரொம்பக் கேட்டாரு. தாளம் நின்னு நின்னு வருதுல்ல, அவருக்குச் சொல்ல வசதியா இருந்துச்சு. நாங்களும் சந்தோஷமாக் கைதட்டினோம். ஒரு நாள் அப்பா அவரை வீல்சேர்ல உக்கார வெச்சு இடுப்பு வாரை மாட்டப் போனாரு. அண்ணன் நல்லா இருக்கிற கையைத் தூக்கித் தலையை மறைச்சுக்கிட்டாரு. அடிக்காதப்பான்னாரு. பாட்டு இல்ல, பேச்சு. அவரா சொன்ன மொத வார்த்தை அதுதான் தம்பி. பாட்டுல இல்லாத வார்த்தை.

டாக்டர் சொன்னாரு, அவருக்கு உள்ள நிறைய இடம் காலியாக் கிடக்கு, இந்தப் பாட்டு வந்து உக்காந்துருச்சுன்னு. எடுக்க முடியுமான்னேன். உதட்டைப் பிதுக்கினாரு.

எடுக்கப் பாக்கலையா என்ன? போன்லேர்ந்து அந்தப் பாட்டை அழிச்சேன். கீழ ஜிம்முல போடறான், எதிர்வீட்டுப் பொண்ணு போடுது, போற கார்ல எல்லாம் ஓடுது. எத்தனை ஜன்னலைச் சாத்துவேன்? சரி, ஆல்பத்தையே நிறுத்திப் பாப்போம்னு நிறுத்தினேன், கொஞ்சங்கொஞ்சமா வந்துட்டிருந்த பேச்சு பத்து நாள்ல நின்னுருச்சு. திரும்ப மூஞ்சியைச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. நானே திரும்பப் போட்டேன். வேற என்ன பண்ணச் சொல்றீங்க?

கம்பெனிக்குப் போனேன். எல்லாம் கற்பனைன்னு அட்டையில போட்டிருக்கேம்மான்னாங்க. போட்டிருந்துச்சு. இசை போட்டவரு மட்டும் மறுபடி வந்தாரு. படத்துக்கு இசைதாம்மா என்னுது, ஆல்பம் வேற ஆளுங்கன்னு சொல்லி, அப்பா பக்கத்துல உக்காந்துட்டுப் போனாரு.

கடையில வேற. துணி குடுக்க வர்றவங்க அப்பா முகத்தையும் கையையும் மாத்தி மாத்திப் பாப்பாங்க. ஒருத்தன் நேராவே கேட்டான், நீங்கதானா அந்த அப்பான்னு. கூட நின்னு போட்டோ எடுத்துக்கிட்டான் தம்பி. அப்பா சிரிச்சிருக்காரு, போட்டோன்னா சிரிக்கணும்னு நினைச்சு.

வீட்டுல அப்பான்னு வார்த்தை காதுல விழுந்தாலே அண்ணனுக்கு உடம்பு உதறும். அப்பாவோட பெரிய மீசை, மூக்குக் கண்ணாடி, அது உள்ள வந்தாப் போதும், சோறு தட்டெல்லாம் பறக்கும். ஒரு நாள் அப்பா என்னைச் சமையக்கட்டுக்குக் கூப்பிட்டாரு. ஏம்மா, நான் ஒருவேளை அடிச்சிருப்பேனோ, உனக்கு ஏதாவது ஞாபகம் இருக்கான்னாரு. இல்லவே இல்லப்பான்னேன். நீ சின்னப் பொண்ணும்மா, உனக்கு எப்படித் தெரியும்னாரு. அன்னைக்கே பையை எடுத்துக்கிட்டு அத்தை வீட்டுக்குப் போயிட்டாரு.

நான் ஒருத்தியா அவரைத் தூக்க முடியுமா? குத்துச்சண்டை போட்ட உடம்பு. வேலைக்கு வந்தவங்க ரெண்டு பேரு ஓடிட்டாங்க. அப்புறம் ஒரு ஆளு வந்தாரு. வயசானவருதான், நீலச் சட்டை போட்டுக்கிட்டு, ஏஜென்சிலேர்ந்து வரேன்னு அண்ணன்கிட்டயே நேராச் சொன்னாரு. அதிகம் பேச மாட்டாரு. குளிப்பாட்டுவாரு, கால் பிடிச்சு விடுவாரு, ஷேவ் பண்ணி விடுவாரு. அண்ணனுக்கு அவருன்னா உசிரு. அண்ணே அண்ணேன்னு கூப்பிடுவாரு. கால் பிடிக்கும்போது அண்ணன் கதை சொல்வாரு. எல்லாம் அந்தப் பாட்டுதான். எங்கப்பன் பெல்ட்டால அடிப்பான்ணே, இருட்டுல நிக்க வைப்பான்ணே. அந்த ஆளு கால் பிடிக்கிறதை நிறுத்தாம, ம்ம், அப்படியா, பாவம்ப்பா நீன்னுவாரு. நான் வாசப்படியில நின்னு கேட்டுட்டு, பாத்ரூமுக்குள்ள போயிக் குழாயைத் திறந்து விட்டுக்குவேன்.

பாராட்டு விழா மேடைக்கு அண்ணனை எப்படித் தம்பி கூட்டிட்டு வருவேன்? மூணாவது பாட்டுக்குத்தானே விருது. அதைப் பாடுவீங்க, கைதட்டுவாங்க. நீங்க பாடுங்க, உங்களுக்குப் பாடணும்தான். அண்ணன் இங்க இருக்கட்டும். பாக்கணும்னா எழுந்ததும் பாருங்க, ஆனா வாயைத் திறக்காதீங்க. உங்க குரலைத் தன்னோட குரலுன்னு நினைச்சிட்டிருக்காரு. அது வேற ஆளு வாயிலேர்ந்து வந்தா என்ன ஆவாருன்னு எனக்குத் தெரியல.

நேத்து அண்ணன் அந்த ஆளைக் கேட்டாரு, உங்களுக்குப் புள்ளைங்க இருக்காண்ணேன்னு. ஒரு பையன், ஒரு பொண்ணுன்னாரு. பையன் எப்படின்னு அண்ணன் கேட்டாரு. தங்கமான பையன்னாரு. அண்ணன் அவரு கையைப் பிடிச்சுக்கிட்டாரு. அவனை அடிச்சிராதீங்கண்ணேன்னாரு. அடிக்க மாட்டேம்பா, சத்தியமா அடிக்க மாட்டேன்னாரு.

யாரா? எங்கப்பாதான் தம்பி. மீசையை எடுத்துட்டாரு, குரலைத் தணிச்சுக்கிட்டாரு, கண்ணாடி போடறதில்ல. அதனால பாவம், கொஞ்சம் தடவித் தடவி நடப்பாரு. உள்ள வந்தா அவரைப் பாத்துக் கும்பிட்டு வெச்சிராதீங்க, அண்ணன் கவனிப்பாரு. வாங்க, செருப்பை இப்படி ஓரமா விடுங்க.