மருந்து கலக்காத அமிலம்

எனக்குச் சாப்பிடும்போது பேச்சுத்துணை வேண்டும். மற்றபடி எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை, ஐயா.

துணிகளை மொத்தமாக வெளுக்கும் சலவை ஆலையில் வெந்நீர்த் தொட்டிகள் என் பொறுப்பு. தொட்டிக்குள் செம்புக் குழாய்கள். அவற்றில் நீராவி ஓடும். குழாய்மேல் உப்பு படிந்துவிட்டால் அமிலம் விட்டுக் கரைப்போம். வெறும் அமிலம் செம்பையும் அரித்துவிடும். அதனால் ஒரு தடுப்பு மருந்தைக் கலப்போம். அது செம்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத தோலாக ஒட்டிக்கொண்டு அமிலத்தை அண்டவிடாது. கூடவே, எடைபோட்ட செம்புத் தகடு ஒன்றையும் உள்ளே தொங்கவிடுவோம். தகட்டின் எடை குறையாவிட்டால் குழாயும் பத்திரம்.

ஃபிட்டர் என்னோடுதான் சாப்பிடுவான். தன் டப்பாவை மூடிவைத்துவிட்டு என் டப்பாவில் கைவைப்பான்.

"உங்க சமையலைத் தின்னுட்டும் உயிரோட இருக்கேனே, இரும்பு வயிறுண்ணே எனக்கு."

வேறு யாரும் என்னைக் கேலி செய்ததில்லை. அந்த அளவுக்கு யாரும் அருகில் வந்ததில்லை.

அவனுக்குச் சொந்த ஊருக்கு மாற்றல் வந்தது. "எம் பொண்ணு போன்ல என்னை அப்பாங்காம மாமாங்குதுண்ணே. இந்தக் குழாயெல்லாம் நல்லாயிருக்குன்னு காட்டிட்டாப் போதும், விட்டுருவாங்க."

குழாய்கள் கெட்டுப்போனால் மாற்றி முடிக்கும்வரை இருப்பான். அவ்வளவுதான் யோசித்தேன். அந்த முறை மருந்தைக் கலக்கவில்லை. தகட்டை மட்டும் மருந்து கலந்த வேறொரு வாளியில் ஊறவைத்து எடுத்துவந்து காட்டினேன்.

வடிந்த அமிலம் பச்சையாக இருந்தது.

"என்னண்ணே, கலரே சரியில்லையே?"

"பழைய களிம்பு கரையுதுப்பா."

"நீங்க சொன்னாச் சரி" என்று நீராவியைத் திறந்துவிட்டு, தொட்டிக்குள் குனிந்து பார்த்தான்.

ஊசித்துளையாக ஒழுகும் என்றிருந்தேன். குழாய் பிளந்துகொண்டது. நீராவி அவன் முகத்திலும் நெஞ்சிலும் அடித்தது.

விபத்து அறிக்கையில் அவனுடைய கவனக்குறைவு என்று நீங்கள் எழுதப்போவதாகக் கேள்விப்பட்டேன். அது நியாயமில்லை. அதனால்தான் உங்களிடம் வந்தேன்.

அவனால் பேச முடியவில்லை. கட்டுக்கு நடுவே கண்கள் மட்டும் தெரிகின்றன. தினமும் மதியம் கட்டிலருகே உட்கார்ந்து டப்பாவைத் திறப்பேன். மாற்றல் ரத்தான செய்தியை நான்தான் அவனிடம் சொன்னேன். என்னைக் கண்டாலே இதயத்துடிப்பு எகிறுகிறதாம். இனி வராதீர்கள் என்கிறார் நர்ஸ். பாவம், ஒருவரைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படும் ஆளை அவர் கண்டதில்லை போலிருக்கிறது.