குங்குமத்துக்கு வாரண்டி இல்லை

ஓசூரில் கிளம்பிய கிருஷ்ணகிரி பஸ்ஸில், என் முன் சீட்டில் ஒரு விவசாயியும் கம்பெனிச் சட்டை போட்ட அவருடைய மருமகனும்.

"குங்குமத்துக்கு வாரண்டி கெடையாதுன்னுட்டான் மாப்ள."

"என்னா மாமா சொல்றீங்க?"

"ஆயுத பூஜைக்கு உங்க அத்தை கார்ல பொட்டு வெக்கப் போனா. பேட்டரி வண்டி, பேனட்டத் தொறந்தா இஞ்சினே காணோம். கரண்டு ஏறுற எடந்தான் இதுக்கு முக்கியம்னு, சார்ஜர் சொருகுற ஓட்டைக்குள்ள சந்தனம், குங்குமம் எல்லாத்தையும் அப்பிட்டா. சார்ஜே ஏறல. இருந்த சார்ஜுல ஓசூர் சர்வீஸுக்குக் கெளம்பி, வழியில குந்தாரப்பள்ளிகிட்ட நின்னுபோச்சு."

"அப்புறம்?"

"உங்க தப்பு, வாரண்டியில வராதுன்னு சர்வீஸ்ல கைய விரிச்சுட்டாங்க. நான் டெலிவரி அன்னைக்கு எடுத்த போட்டோவக் காட்டுனேன். அவங்க மேனேஜரே அதே ஓட்டையில பொட்டு வெச்சு, கற்பூரம் காட்டிட்டு நிக்கிறாரு!"

"அதுக்கு என்னா சொன்னாரு?"

"போட்டோவப் பாத்துட்டு வாரண்டியிலயே எழுதிக்கிட்டாரு. இன்னைக்கு வேலையும் முடிஞ்சுபோச்சு."

"அப்ப வண்டிய எடுத்துட்டு வராம எதுக்கு மாமா பஸ்ல போறோம்?"

"இன்னைக்கு செவ்வாக்கிழமையாச்சே. நாளைக்கு வாங்க, பூஜை போட்டுத்தான் தருவேங்கிறாரு."