சத்தமில்லாமல் வந்த சகலை

கௌரவத்தைப் பத்தி நான் பேச ஆரம்பிச்சதுல இருந்து முன் வரிசை அண்ணன் மூணு தடவை வாட்சைப் பாத்துட்டார். அதனால கொஞ்ச நேரம் கதைப் பக்கம் ஒதுங்குவோம்... சின்னக் கதைதான். ரெண்டு சகலை, ஒரு காரு. அவ்வளவுதான்.

திருச்செங்கோட்டுல அர்த்தநாரின்னு ஒருத்தர். போர்வெல் லாரி வச்சிருக்கார். முப்பது வருசமா அந்தச் சத்தத்துலயே வாழ்ந்த மனுசன். வீட்டுல சாப்பிடறப்ப கொஞ்சம் உப்பு கேட்டார்னா, பக்கத்து வீட்டம்மா கொண்டு வந்து குடுப்பாங்க.

அவருக்கு ஒரு சகலை, நாமக்கல்லுல கோழிப்பண்ணை நல்லசாமி. அக்காவைக் கட்டினவர் இவரு, தங்கச்சியைக் கட்டினவர் அவரு. தை மாசம் சொந்தக்காரங்க கல்யாணம். நல்லசாமி வாங்கின புது பெட்ரோல் காரை மண்டப வாசல்லயே நிறுத்த விட்டாங்க. அர்த்தநாரியோட பழைய காரை... சமையல்கட்டுக்குப் பின்னால, எச்சில் எலை போடற எடத்துக்கு அனுப்பிட்டாங்க. அவ்வளவுதான். எட்டு மாசம் பேச்சு இல்லை.

அர்த்தநாரி என்ன பண்ணார்? போனார், இருக்கறதுலயே விலை உசந்த எலக்ட்ரிக் காரா ஒண்ணை வாங்கிட்டு வந்தார். சீட்டே முதுகு பிடிச்சு விடுது. ஊர்ல கேக்கறாங்க, ஏனுங்க, ஒரு பெரிய பெட்ரோல் காரா வாங்காம இதை எதுக்குங்க வாங்குனீங்கன்னு. புகை இல்லைங்க, பூமியைக் காப்பாத்தணும் பாருங்கன்னு சொல்றார். யாரு? பூமியில ஆயிரம் அடிக்கு ஓட்டை போடறவரு.

நிஜக் காரணம் என்ன? நல்லசாமி மூஞ்சி சுருங்கறதைக் கண்ணால பாக்கணும். வேற ஒண்ணுமில்லை.

இதுக்கு நடுவுல இவரு மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாச்சு. பரமத்தி வேலூர்ல மாமனார் வீட்டுல கெடா விருந்து. அங்க வச்சுப் பத்திரிகை குடுத்தர்றதுன்னு முடிவு. மாமனாருக்கு முறைப்படி குடுக்கறது. சகலைக்கு? கார்ல உக்காந்தபடியே கண்ணாடியை இறக்கி, ஒரு கையால நீட்டறது.

உங்களுக்குத் தெரியாததா? தாம்பாளத்துல வெத்தலை பாக்கு பழத்தோட வச்சு, புருசனும் பொண்டாட்டியும் சேந்து நின்னு குடுத்தாத்தான் அது அழைப்பு. கார் ஜன்னல் வழியா நீட்டினா அது என்ன... நோட்டீஸ். அவரு சம்சாரம் ஜெயக்கொடி வழி நெடுகச் சொல்லிட்டு வந்தாங்க, இப்படிக் குடுத்தீங்கன்னா என் தங்கச்சி இந்த ஜென்மத்துக்கும் நம்ம வாசப்படி மிதிக்க மாட்டான்னு. இவரு காதுல வாங்கினாத்தானே.

வேலூர் வந்தாச்சு. முன்னெல்லாம் பழைய கார் சத்தம் தெரு முக்குல கேக்கறப்பவே வீடே வெளிய வந்து நிக்கும். இன்னைக்கு இந்தக் கரண்டு காரு துளி சத்தமில்லாம நழுவிப் போய், சாப்பாட்டுக் கூடத்து ஜன்னலுக்குக் கீழயே நின்னுருச்சு. எட்டிப் பாக்க ஒரு ஆள் இல்லை. வாசல்ல ஒரு நாய் இருந்துச்சு... அதுவும் தூங்கிட்டிருந்துச்சு. இவ்வளவு செலவு பண்ணி வாங்குன காரை ஒரு நாய்கூட மதிக்கலையேன்னு மனுசனுக்குக் கோபம்னா கோபம். கண்ணாடியை இறக்கினார், ஹாரன் மேல கையை வச்சார்.

உள்ளே இருந்து மாமியார் குரல் கேட்டுச்சு. "ஏனுங்க சின்ன மாப்பிள்ளை, பெரியவரு உங்களுக்குப் பத்திரிகை வைக்கலைன்னா என்னங்க பண்றது?"

நல்லசாமி சொல்றார், "வைக்காட்டிப் போறாருங்க அத்தை. நான் தோள்ல தூக்கிச் சுமந்த புள்ளை கல்யாணம். மொத நாளே போய்ப் பந்தியில நிப்பேன். ஆனா ஒண்ணுங்க... அவரு வண்டிச் சத்தம் கேட்டா ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் மூஞ்சிய உர்ருனு வச்சுக்கோணும். நான் சிரிச்சுட்டேன்னா பாவம், அந்த மனுசனுக்குச் சோறு எறங்காது."

அர்த்தநாரி கையை ஹாரன்ல இருந்து எடுத்துட்டார். வெக்கமாப் போச்சு. அழுகையும் வந்துருச்சு. ஜெயக்கொடியம்மா வாயே திறக்கலை. முப்பது வருசத்துல அவங்க ஜெயிச்ச முதல் சண்டை, அதுவும் பேசாமயே ஜெயிச்சுட்டாங்க.

ரெண்டு பேரும் உள்ள போனாங்க. நல்லசாமி வாயில எலும்பு. அந்த எலும்பை வச்சுக்கிட்டே மூஞ்சிய உர்ருனு மாத்தப் பாக்கறார்... வர மாட்டேங்குது. அர்த்தநாரி மாமியார்கிட்ட ஒரு தாம்பாளம் கேட்டு வாங்கினார். சகலை கை கழுவிட்டு வர்ற வரைக்கும் நின்னார். அப்புறம் நாலு பேரும் எதிரெதிரா நின்னு, பத்திரிகை கை மாறுச்சு. அக்காளும் தங்கச்சியும் அங்கயே கட்டிப் பிடிச்சுட்டு அழுதாங்க.

சாப்பிட்டு வெளிய வந்து நல்லசாமி அந்தக் காரை ஒரு சுத்துச் சுத்திப் பாத்தார். பெட்ரோல் காரை விட்டுப்போட்டு இதை எதுக்குங்க சகலை வாங்குனீங்கன்னு அவரும் கேட்டார்.

அர்த்தநாரி, வாழ்க்கையில முதல் தடவையா மெதுவாப் பேசினார். "அதுல வந்தா, நான் எறங்கறதுக்குள்ள நீங்க மூஞ்சிய மாத்திருவீங்க சகலை."

ஐயா, அம்மா... நான் காரைப் பத்தியா சொன்னேன்? நாம எங்க போனாலும் நமக்கு முன்னால நம்ம சத்தம் போயிருது. நான் யார் தெரியுமா, என் வசதி என்ன தெரியுமா... அதைக் கேட்டதும், நம்ம மேல உசுரா இருக்கறவன்கூட மூஞ்சிய மாத்திக்கறான். அந்த மூஞ்சியைப் பாத்துட்டு, எனக்குன்னு யாருமே இல்லைன்னு நாம பொலம்பறோம். இருக்காங்கய்யா. உள்ள உக்காந்து நம்மளைப் பத்தித்தான் பேசிட்டிருக்காங்க. நம்ம சத்தத்துல நமக்குத்தான் கேக்கலை.

இன்னைக்கு வீட்டுக்குப் போறப்ப, வாசல்ல ஒரு நிமிசம் சத்தமில்லாம நில்லுங்க. உங்களைப் பத்தி நல்லதாப் பேசினாங்கன்னா சந்தோசமா உள்ள போங்க. வேற மாதிரிப் பேசினாங்கன்னா... ரெண்டு அடி பின்னால வந்து, நல்லாக் கேக்கற மாதிரி ஒரு தடவை இருமிட்டுப் போங்க. பாவம், மூஞ்சிய மாத்திக்க அவங்களுக்கும் நேரம் வேணும் இல்லைங்களா?