டாக்ஸியில் அப்பாவுக்கு ஒரு இடம்

“அப்பாவை டிக்கியில வெக்கப்படாது. யாராவது மடியிலதான் வெச்சுண்டு வரணும்.”

மயிலாப்பூர் குளத்தோரம், பஸ் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் இப்படிச் சொன்னதும் நான் பேப்பரை மடித்துவிட்டேன். பக்கத்தில் அவள் அண்ணன். மொட்டைத் தலையில் அப்போதுதான் முடி அரும்பியிருந்தது. அப்பாவின் அஸ்தியைக் கரைக்க ராமேஸ்வரம் போக எந்த வண்டி பேசுவது என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

“அம்பாஸிடராவே பேசிடு அண்ணா.”

“எதுக்கு? ஃபியட்டே போறும். எப்படியும் தீவுக்கு ரோடு பாலம் இல்லே, மண்டபத்துல காரை விட்டுட்டு ரயில்லதான் போகணும். வழியெல்லாம் கடலைப் பாத்துண்டே போலாம். குழந்தைகளுக்கும் குஷியா இருக்கும்.”

“குஷியா?”

அவர் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார்.

“உங்காத்துல நாலு பேர். அப்புறம் நான், டிரைவர். மடியில அப்பா. ஃபியட்ல அம்மா எங்கே உக்காருவா?”

“அம்மா எப்படிடி வருவா? வருஷம் திரும்பறவரைக்கும் அவ வாசல் தாண்டப்படாது. காரியம் பண்ணி வெச்ச வாத்தியாரைக் கேட்டாச்சு.”

பஸ் வந்தது. வரிசை நகர்ந்தது. அவள் நகரவில்லை.

“ரிடையர் ஆனதும் உன்னை ராமேஸ்வரம் அழைச்சுண்டு போறேன்னு அப்பா அம்மாட்ட சொல்லிண்டே இருந்தார். அதுக்குன்னே அம்மா ஒரு அரக்குப் புடவை வாங்கி வெச்சிருக்கா. ஒரு தடவைகூட உடுத்திக்கலே. உனக்குத் தெரியுமோ?”

“தெரியும்,” என்றார் அவர், சில்லறையைத் துழாவியபடி. “உன் மன்னிக்குக் குடுத்துட்டா. அவ அதைத்தான் கட்டிண்டு வரா.”